பால் இல்லாத மரம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு வேலை முடிந்து வந்த அப்பா, வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றே அம்மாவைக் கூப்பிட்டார். அது தொண்ணூறுகளின் ஒரு ஜூலை மாதம். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால், நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு மரம் நின்றது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்தில் பட்டைகள் விழுந்து கிடந்தன. அவை உரிந்த இடங்களில் மரம் வெளிர் மஞ்சளாக, வெந்த தோலைப் போல இருந்தது.

வெந்த தோல் என்று சொன்னது அம்மா. அவர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஊரில் எலுமிச்சைக்கு ஊற்றியதைப் போல, சோறு வடித்த கஞ்சியை இங்கே அந்த மரத்துக்கு ஊற்றிவந்தார். முதல்நாள் மத்தியானம் அது ஆறுவதற்குமுன் ஊற்றிவிட்டார்.

“ஐயோ, மரத்தை அவிச்சுப்போட்டன்,” என்றார்.

பிக்கரிங்கில் இருந்த மாமாவுக்கு ஃபோன் போனது. அம்மாவின் தம்பியான அவர் எங்களுக்குச் சில வருடங்கள் முந்தி வந்தவர். ஆகவே கனடாவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

“ரோட்டுக்கரை மரமெல்லாம் சிற்றியின்ரை, அக்கா. கவர்மென்ட் சொத்து. ஹியரிங் வாற நேரத்திலை உங்களுக்கு ஏன் உந்த வேலை?”

ஹியரிங் என்பது எங்களை அகதிகளாக ஏற்றுக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று தீர்மானிக்கும் விசாரணை. அது அடுத்த மாதம் இருந்தது. அப்பா அன்று பகல் தூங்கவில்லை. தெருவில் ஏதாவது வாகனம் மெதுவாகப் போனால் யன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு துண்டுகள் விழுந்துவிட்டன.

பின்னேரம் மாமா வந்தார். விழுந்த பட்டைகளைத் திருப்பி ஒட்டிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அம்மா கோதுமை மாவில் மஞ்சள் கலந்து பசை காய்ச்சினார்; இம்முறை நன்றாக ஆறவைத்தார். அப்பா ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பி வைத்து இடம் பார்த்தார். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். கடைசி முடிச்சைப் போடும்போது சிற்றியின், அதாவது மாநகரசபையின், லொறி வந்து நின்றது.

செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். எல்லாம் தெரிந்த மாமா அப்பாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

“நீ கதை, பிள்ளை. உனக்குத்தானே இங்கிலீஷ் வரும்,” என்றார் அங்கேயிருந்து.

“கஞ்சி எண்டு மட்டும் சொல்லிப்போடாதை,” என்றார் அம்மா.

எனக்கு ஒன்பது வயது. மரத்துக்கு என்ன என்று லொறியில் வந்தவர் கேட்டார். பட்டை விழுந்துவிட்டது என்றேன். மரத்தைச் சுற்றியிருந்த சிவப்புக் கரைச் சேலைத்துணியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

“இது பிளேன் மரமாம். தானாத்தான் பட்டை உரியுமாம்.”

“என்ன மரம்?”

“பிளேன்.”

அம்மா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். மாமாவுக்குப் பேச்சு திரும்பி வந்தது.

“பால் விடாமல் பிளேன்ரீ எண்டு தேத்தண்ணி குடிக்கிறமெல்லோ அத்தான், அந்தப் பிளேன். பால் இல்லாத மரம். பாருங்கோ, இவ்வளவு உரிஞ்சும் ஒரு சொட்டுப் பால் வரேல்லை.”

அப்பா சிரித்தார். மாமாவின் விளக்கம் தவறென்று எனக்குப் பல வருடங்கள் தெரியாது.

அந்த மனிதர் அவசரப்படவில்லை. அடிமரம் பருக்கும்போது பட்டை நீண்டு கொடுக்காது, ஆகவே வெடித்து விழும் என்றார். ஆசியப் பக்கத்து மரம் ஒன்றும் அமெரிக்க மரம் ஒன்றும் கலந்து உண்டானது இந்த இனம்.

“அப்ப உதுவும் வெளியிலையிருந்து வந்ததுதானோ?” என்றார் மாமா.

புகையும் வெட்டும் தாங்கும் என்று அந்த மனிதர் தொடர்ந்தார். கடுங்குளிரில் நுனிக்கொப்பு கருகினாலும் திரும்பத் தளிர்க்கும். இலையுதிர்ந்த காலத்தில் கொப்பை வெட்டி நட்டால் வேர்விடும். கன்றுக்கு முதல் சில கோடைகள் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். ஈரம் காக்க மரத்தூள் போட்டால் அது அடிமரத்தை முட்டக்கூடாது. சேலைத்துணியை அவிழ்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார்.

அந்த மனிதர் கையுறையைக் கழற்றி, தன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். அப்பாவின் பெயரைக் கேட்டார். அதற்கு நான் தேவைப்படவில்லை. அப்பா கையைப் பிடித்தபடி உடனே ஒரு பெயரைச் சொன்னார்.

அது ஹியரிங் கடிதத்தில் இருந்த அப்பாவின் பெயரல்ல. அவருடைய தம்பியின், என் சித்தப்பாவின் பெயர். கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்துத் திருத்த வாயெடுத்தேன். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.