மிதிக்கட்டையில் மஞ்சள் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் கிள்ளானில் நானும் அண்ணனும் லோரி ஓட்டிய கம்பெனிக்கு ஒரு புது லோரி வந்தது. அதில் வேகம் கூட்டும் எண்ணெய் மிதிக்கட்டைக்குக் கேபிள் கிடையாது. மிதித்தால் வயர் வழியாகச் செய்தி போகும். உள்ளே இருக்கும் பெட்டி அதைக் கேட்டு இஞ்சினுக்குச் சொல்லும். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. முருகன் கொடுத்தது என்று அண்ணன் கும்பிட்டு ஏறினார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணி மஞ்சள் தண்ணீர் கரைத்துப் போத்தலில் கொடுப்பார். அண்ணன் அதை மாவிலையால் சக்கரங்களுக்குத் தெளித்து, பிறகு ஸ்டீயரிங்குக்கும் மிதிக்கட்டைக்கும் தெளிப்பார். நமக்குச் சோறு போடுவது அந்த மிதிக்கட்டைதானே என்று அதற்கு மட்டும் கொஞ்சம் கூடவே.

சில மாதங்களில் புக்கிட் திங்கி ஏற்றத்தில் லோரி திடீரென்று இழுக்காமல் போக ஆரம்பித்தது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடும். பட்டறைக்கு வந்தால் நல்ல பிள்ளை போல் நிற்கும். சரக்கு தாமதமானது. கள்ளுக்கடையில் படுத்துவிட்டு வருகிறான் என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். காவடி எடுக்கிற மனிதர், கள்ளைத் தொட்டதே இல்லை. அண்ணனுக்கு வேலை போயிற்று. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலுக்குப் போனார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வார்.

"நான் காலை எடுக்கலடா தம்பி. மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுதான் கேக்கல."

நான் நம்பினேன். என் நம்பிக்கை அவருக்குப் போதவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அந்த லோரியை எனக்குக் கொடுத்தார்கள். பூசை நிற்கக்கூடாது என்று அண்ணி எனக்கும் போத்தல் கொடுத்தார். அதே ஏற்றத்தில் எனக்கும் நின்றது. இந்த முறை லோரி விற்றவர்கள் ஒரு சீன மெக்கானிக்கை அனுப்பினார்கள். அவர் கையிலிருந்த கருவியை டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டிப் படித்தார். மிதிக்கட்டை சொல்வது பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, இது பழைய கோளாறு, வந்த ஒவ்வொரு தடவையையும் பெட்டி ஞாபகம் வைத்திருக்கிறது என்று மலாயில் விளக்கினார். பிறகு மிதிக்கட்டையின் வயர் முனையைக் கழற்றினார். ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் கறை.

"என்ன பாஸ், உள்ள கறிக்குழம்பா ஊத்தினீங்க?" என்று சிரித்தார்.

நான் லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முருகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று கும்பிடாமலே லோரியில் ஏறினேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்படியா என்றார், அவ்வளவுதான்.

நேராக அண்ணியிடம் போனேன்.

"அண்ணன் சொன்னதுதான் நிஜம் அண்ணி. வயர்லதான் கோளாறு."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு, எப்படிக் கெட்டதாம் என்று கேட்டார்.

"மழைத் தண்ணி இறங்கியிருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை போத்தலை நீட்டினார். "உள்ளயும் தெளி தம்பி, அவர் தெளிச்ச மாதிரி."

சரி அண்ணி என்று வாங்கிக்கொண்டேன். சக்கரங்களுக்குத் தெளித்தேன். கதவைத் திறந்து, மிதிக்கட்டையை வெறும் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.