படகு கட்டிய வளையம்

சில மாதங்களுக்கு ஒருமுறை என் கணவரின் போனில் அந்தப் படகு கிடைத்துவிடும். உலகமே வெள்ளத்தில் முங்கியபோது நல்லவர்களையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு தப்பிய படகு. ஒருமுறை பனிமலையில் கிடைக்கும், ஒருமுறை பாலைவனத்தில், இன்னொருமுறை கடலுக்கடியில். எல்லாமே ஆராய்ச்சியில் நிரூபித்தது என்பார். அப்படியானால் மொத்தம் எத்தனை படகு என்று கேட்டால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். உள்ளங்கையில் ஏந்திய மீன் வளர்ந்து வளர்ந்து கடைசியில் படகையே இழுத்துப்போகிற கதை எனக்கும் உயிர்தான். அதற்குப் போய் ஆணியையும் பலகையையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்களே என்றுதான் எரிச்சல் வரும்.

அவர் ஏலக்காய் வியாபாரி. மூட்டையின் அடிவரை கைவிட்டு அள்ளிப் பார்க்காமல் யாரிடமும் சரக்கு எடுக்காதவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து வியாபாரத்தை விட்டுவிட்டார். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். இவரோ நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல்கூடக் கிடந்தேன். தெருமுனை வரைகூட வரவில்லை. இந்த மனுஷனை நாற்காலியே தின்றுவிடும் என்று எனக்கு ஒரே பயம்.

அவரை எழுப்பியது ஒரு வீடியோ. எங்கோ ஒரு மலைப்பாறையில் இரும்பு வளையம். பிரளயத்தில் படகைக் கட்டிய வளையமாம். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரங்கணிக்கு மேலே காபித் தோட்டத்துப் பாறையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறாராம். அடுத்த ஞாயிறே பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மலையேற்றம்தான். ஆரம்பத்தில் பாதி வழியில் திரும்பி வந்தார், பிறகு பாறை வரைக்கும் போனார். வளையத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது!

அது என்ன வளையம் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் மலையுச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே இறக்கினார்கள். அந்த வடத்துக்காகப் பாறையில் அடித்தது. பிரளய காலத்து இரும்பாக இருந்தால், யுகம் யுகமாய் எங்கள் மலை மழையில் நனைந்து துருகூட மிஞ்சாமல் போயிருக்குமே. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நடந்தால் போதும், படகு எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கிடக்கட்டும்.

அப்புறம், வளையத்தைப் பற்றி வீடியோ போட மதுரையிலிருந்து ஒருவர் இவரைப் படம் எடுக்க வருவதாக ஏற்பாடானது. இவர் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழக ஆரம்பித்தார். நாளைக்கு ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்தில் மற்ற வியாபாரிகள் இவரைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. காபி கொடுக்கும்போது தேயிலைப் பெட்டி விவரத்தைச் சொன்னேன்.

"ஒரே ஒரு சாம்பிளைப் பாத்துட்டு முழு லோடுக்கும் வெல சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் காபியைத் தொடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கும் போகவில்லை. மறுபடி நாற்காலி, மறுபடி சுவர். ஷூ வாசலில் கிடந்தது. என் வாயில் கொள்ளியை வைக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான் சொன்னது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எனக்கு அவர் வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலையில் பார்த்தால் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒத்த சாம்பிள் பத்தாதுதான். நீ சொல்ற மாதிரி வடம்னா, நேரா மேல இன்னொரு வளையம் இருக்கணும்ல? இல்லேன்னா அது என் படகுதான். வெரசா கெளம்பு டீச்சரம்மா."

போனேன். பழைய வளையத்தைத் தாண்டி, காபிச் செடிகளுக்குள் நுழைந்து, பாறை பாறையாகத் தேடினோம். கண்டுபிடித்தது அவர்தான். சாவியால் பாசியைச் சுரண்டினார். அதே கனம், அதே வளையம். முகம் வாடிப்போகும் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, இதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

மூன்றாவது இன்னும் மேலே இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறத் தொடங்கினார். கொஞ்சம் நில்லுங்க என்று கத்தினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.