இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு கடைவாய்ப்பல்லும்

பல் டாக்டரின் அக்காவுக்கு வாய் அதிகம் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துத்தான் அவர் பாதி ஆயுளை ஓட்டினார். ஒரு பதிப்பகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்பது அவர் வேலை. கதவைத் திறக்கிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். இந்த அம்மாவுக்குத் துப்பறியும் நாவல், இந்த ஆளுக்குக் கோழி வளர்ப்புக் கையேடு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவார். கோழியை ஜென்மத்தில் தொட்டிராத மூன்றாம் மாடிக்காரர்கூட அந்தக் கையேட்டை வாங்கிக்கொண்டுதான் கதவைச் சாத்துவார்.

ஒருநாள் பதிப்பகம் கடையைக் கட்டியது. விற்காமல் தங்கிய புத்தகங்களையெல்லாம் அக்கா தலையில் கட்டிவிட்டு முதலாளி கம்பி நீட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் நாவல்கள், ஃபிரிட்ஜுக்கு மேல் வாழ்க்கை வரலாறுகள், குளியலறை வாசலில் குழாய் ரிப்பேர் கையேடுகள். வீட்டில் கால் வைக்க இடமில்லை, அக்காவுக்குப் போக இடமில்லை.

"சும்மாதானே இருக்கே? என் கிளினிக்ல வந்து உக்காரேன். பேரைக் கூப்பிட்டு உள்ள அனுப்பினா போதும்" என்றார் தம்பி.

போனபிறகுதான் தெரிந்தது, கூப்பிடுவதற்கு ஆள் மிஞ்சுவதில்லை என்று. உள்ளே மெஷின் 'கொர்ர்ர்' என்று பிடித்ததும் வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். ஒருத்தருக்கு அடுப்பை அணைக்காதது ஞாபகம் வரும். இன்னொருத்தர் அடிக்காத போனை எடுத்து, "ஹலோ, இதோ வந்துட்டேன்" என்று நழுவிவிடுவார்.

அக்கா சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு காலையில் இரண்டு மூட்டைப் புத்தகத்தோடு வந்து இறங்கினார்.

பழைய கைவரிசையைக் காட்டினார். தையல்கார அம்மாவிடம் குழாய் ரிப்பேர் கையேட்டை நீட்டினார். லாரி ஓட்டுநருக்கு மேடை நடிகை ஒருத்தியின் தன்வரலாறு. உள்ளே மெஷின் கத்தினாலும் இப்போது பெஞ்சில் பக்கம் புரளும் சத்தம்தான். கடைசியில் வேறு தொல்லை முளைத்தது. கூப்பிட்டால் யாரும் உள்ளே போக மாட்டேன் என்றார்கள்.

"இந்த வாஷர் மாட்டுற இடத்தை மட்டும் முடிச்சுட்டு வரேனே" என்று தையல்கார அம்மா கெஞ்சினார்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார் அக்கா. கொடுத்தால் திரும்பாது என்பது அவர் அனுபவம். அதனால் படிக்கவேண்டும் என்றால் பல் வலித்தாக வேண்டும். ஊரில் பல்வலி பெருகியது.

அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர் மீசைக்காரர். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் ஒரு சொத்தைப்பல்லோடு வந்தவருக்கு, அந்த மீசையைப் பார்த்து யாராக இருந்தாலும் போர்க்கதைதான் கொடுத்திருப்பார்கள். அக்கா ஒரு காதல் நாவலைக் கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளைகள்: ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் நீலச் சட்டைக்காரன். யாரைக் கட்டிக்கொள்வாள்?

சொத்தை அடைத்தாகிவிட்டது. ஆனால் வாரம் தவறாமல் மீசைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாரம் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம். தம்பி தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அக்காவுக்கு விஷயம் தெரியும். மனுஷன் தானாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா இவ்வளவு நாளா வலிக்குதுன்னா உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு. இந்தக் கடைவாய்ப்பல்லை எடுத்துடலாமா?" என்று தம்பி ஒருநாள் கேட்டார்.

மீசைக்காரருக்கு உயிரே போயிற்று. ஆனால் எரிகிற வீட்டுக்குள் ஏறிக் குதித்தவர், ஒரு கல்யாணக் கதைக்காகப் பொய் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வார்? "எடுத்துடுங்க" என்றார்.

தட்டில் இடுக்கி வைக்கும் சத்தம் கேட்டதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் வீம்புக்கு நல்ல பல்லைக் கொடுத்துவிடுவார்! கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊசியைக் கீழ வை, தம்பி. அவருக்குப் பல் வலிக்கல. வாத்தியாரா, நீலச் சட்டையான்னு தெரியாத வலி."

வாயில் பஞ்சோடு மீசைக்காரர், "ஆர் ஒன்னா? எனக்கு அல்லுதான்!" என்றார்.

"அப்படியா? அப்போ சொல்லிடலாம். அவ ரெண்டு பேரையும் கட்டிக்கல. கப்பல்ல வேலைக்குப் போயிடுறா."

பஞ்சைத் துப்பிவிட்டு மீசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயையோ! இன்னும் பாதிப் புத்தகம் இருக்கேம்மா! இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்களே!" கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கிப் போனவர்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்ல பல்லைப் பிடுங்க இருந்தேனே! இனிமே ஒரு புத்தகம் இங்க இருக்கக்கூடாது."

அக்கா மூட்டை கட்டினார். நாலு நாளில் பெஞ்சு காலி. தம்பி வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார், மறுபடியும் வந்தார். "அக்கா, அந்தக் கோழிப் புத்தகத்தையாவது கொண்டு வாயேன்."

"எதுக்கு? நீ பல் பாக்குறியா, பண்ணை வைக்கிறியா?"

கொஞ்சம் அலையவிட்டுத்தான் இறங்கி வந்தார். இனி வலி இல்லாதவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று தன் கொள்கையையும் மாற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே காதல் நாவலைப் பையில் போட்டுக்கொண்டு மீசைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க. ஒரு வாரமா இவர் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல" என்றார் அவர் மனைவி.

மீசைக்காரர் நாற்காலியைவிட்டு எழவில்லை. "முடிவு தெரிஞ்ச கதையை வெச்சு நான் என்ன பண்ண?"

"நான் சொன்னது பொய்."

"பொய்யா?"

"உங்க பல்லைக் காப்பாத்த வேற வழி தோணல."

மீசை மெல்ல அசைந்தது. "அப்போ... கப்பல்?"

"கதையில தண்ணியே கிடையாது. படிங்க."

அவர் கை நீட்டுவதற்குள் மனைவி புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார். "இதுக்கா இத்தனை நாள் பல்வலி? இருங்க, நான் முதல்ல படிச்சுட்டுச் சொல்றேன்."

"சொல்றதா!" என்று மீசைக்காரர் பாய்ந்தார்.

வந்த வேலை முடிந்தது என்று அக்கா செருப்பை மாட்டினார். படி இறங்கும்போதும் உள்ளே இருவரும் வாத்தியார் கட்சி, நீலச் சட்டைக் கட்சி என்று பிரிந்து கத்திக்கொண்டிருந்தது கேட்டது.