தீபாராதனைக்கு முன்னே போய்ச் சேர்ந்தேன்

கல்யாணமாகி வந்ததிலிருந்து வருஷம் தவறாமல் தீர்த்தமலைக்குப் போகிறோம். ஆனால் உச்சிக்கால தீபாராதனையை நான் ஒருமுறைகூடக் கண்ணாரப் பார்த்ததில்லை. சாமிக்குத் தேங்காய் சுமக்கிறவர் மலைவழியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக்காரர் குடும்பத்து வழக்கம். பையைத் தோளில் மாட்டினால் விறுவிறுவென்று ஏறிவிடுவார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது மணி ஓய்ந்து, கற்பூரத் தட்டு வெளியே வந்துவிடும்.

இந்த வருஷமாவது பார்த்துவிட வேண்டும் ஈஸ்வரா என்று வேண்டிக்கொண்டுதான் அடிவாரத்தில் காலை வைத்தேன். நாத்தனாரும் கூட வந்தாள். பாதி மலையில் பார்த்தால், முன்னால் போனவர் பாறையில் கையூன்றி நிற்கிறார்!

"என்னண்ணா, வண்டி பஞ்சரா?" என்றாள் நாத்தனார்.

"சும்மா இரு. கல்லு சுடுது."

"எங்களுக்கு மட்டும் பாயா விரிச்சிருக்குது?"

சாமி புண்ணியத்தில் அவருக்குச் சர்க்கரை, பிரஷர் ஒன்றும் கிடையாது. அறுபது தாண்டினால் யாருக்கும் நடை குறையத்தான் செய்யும். எனக்கும் குறைந்திருக்கிறது. ஆனால் நான் காலையும் மாலையும் பால் கேனோடு சொசைட்டிக்கு நடக்கிறவள். அவரோ பாப்பாரப்பட்டி சந்தையிலேயே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மொபெட்டை எடுக்கிறவர். வேகமாக நடந்தவருக்குத்தான் இறக்கமும் வேகமாக வந்துவிட்டது.

மேலே முதல் மணி அடித்தது. அவர் பையைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா, புடி. தேங்கா நிக்கக் கூடாது. நீ முன்னால போ."

"நீங்க எப்படிங்க வருவீங்க?"

"தங்கச்சி கூட வர்றேன். போன்னா போயேன்!"

"ஓடுங்க அண்ணி! அவரு மனசு மாறிடப் போவுது" என்றாள் நாத்தனார்.

ஓடவில்லை. சொசைட்டிக்குப் போகிற அதே நடைதான். ஆனால் நிற்கவேயில்லை. தொடை கடுத்தது, புடவை நனைந்தது, வாய் மட்டும் சிவசிவா என்றது. சன்னிதியில் திரை இன்னும் போட்டபடிதான் இருந்தது. தேங்காயை வாங்கிக்கொண்ட ஐயர், "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு பேருக்கும் சேர்த்துப் பண்ணுங்க சாமி. வந்துக்கிட்டிருக்காரு."

திரை விலகியது. அடுக்குத் தீபம் மேலிருந்து கீழே இறங்கி, மறுபடியும் ஏறியது. அந்த வெளிச்சத்தில் லிங்கமும் நாகாபரணமும் தகதகவென்று மின்ன, என்னையறியாமல் "ஈஸ்வரா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.