வானத்திலிருந்து எங்கள் தெரு

தீபாவளிக்கு எடுத்த புடவை முதல் தண்ணியிலேயே சாயம் போய்விட்டது. ஆனால் அதை வாங்கிய கடையில் எழுதிப்போட்ட குலுக்கல் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. வருஷக் கடைசியில் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வருகிறதாம், இருட்டியபிறகு விளக்கு வெளிச்சத்தில் பாண்டிச்சேரியைச் சுற்றிக் காட்டுவார்களாம், பத்து நிமிஷம், ஒரு ஆளுக்கு மட்டும் இலவசம் என்று கடைக்காரர் போனில் சொன்னார். என் ஆயுசில் எனக்குப் பரிசு என்று விழுந்தது அது ஒன்றுதான். விழுந்த நேரத்தை நினைத்தபோது சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் என் வீட்டுக்காரர் மின்கம்பத்திலிருந்து விழுந்திருந்தார். கரெண்ட் ஆபீசில் லைன்மேன். மழை ஈரத்தில் ஏணி சறுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்துத் தைத்து, தையலும் பிரித்தாகிவிட்டது. "எலும்பு கூடிடுச்சி. இனிமே நீங்க நடந்தாத்தான் நடை வரும். படுத்தே இருந்தா இப்படியே நின்னுடும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். முன்னறையில் கட்டில் போட்டோம், வாக்கரும் வாங்கி வந்தோம். அதன்மேல் துண்டு காயப்போட்டதோடு சரி. மனிதர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர்தான்.

புயலடித்தால் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு விடிந்ததும் வருவார். அப்போதெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது அடுப்பங்கரை பல்ப் போய்விட்டது என்று சொன்னேன். "யாரயாவது கூப்ட்டுப் போட்டுக்க" என்றார். ஒரு லைன்மேன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் விழுந்த அன்று அவருடைய கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் காக்கிப் பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வாசல் ஆணியில் மாட்டுவதுதான் வழக்கம். நான் மாட்டவில்லை. முன்னறையில் நான் ஜாக்கெட் தைக்கும் மெஷினின் ட்ராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவர் நடக்கவேண்டும் என்று கோயில் கோயிலாகச் சுற்றியவள் நான்தான். கம்பத்தின் பக்கம் மறுபடி போகக்கூடாது என்று நினைத்தவளும் நான்தான். அவர் கட்டிலைவிட்டு எழுந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். பிடித்த பிடியில் அவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

ஹெலிகாப்டரெல்லாம் எனக்கு வேண்டாம் என்றேன். "இந்த வூட்டுல ஒருத்தர் உயரத்துல இருந்து வுழுந்தது போதும்."

சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "போய்ட்டு வா. லைட்டெல்லாம் மேல இருந்து எப்பிடித் தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. கம்பத்து உயரத்துக்கு மேல நான் பாத்ததில்ல."

"பாத்து இன்னா பண்றது? நம்ம தெரு எதுன்னே தெரியாது."

"தெரியிற மாதிரி நான் பண்றேன்" என்றார். சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்தத் திரும்பலுக்காகத்தான் நான் போக ஒத்துக்கொண்டேன். மற்றபடி எனக்கு மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கூட்டம். எதிர்வீட்டு சொல்தா வந்தார். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆப்பிரிக்காவில் நிறைய ஹெலிகாப்டரில் போயிருக்கிறாராம். பந்தல்காரர் வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற போகஸ் லைட்டுகளை எடுத்துவந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, எந்த மொட்டை மாடியில் எந்த விளக்கு என்று என் ஜாக்கெட் அளவு நோட்டில் படம் போட்டார். கோயில் திருவிழா சீரியல் செட், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், தெருமுனைக் கடையின் குழல்விளக்கு, எல்லாம் கணக்கில் சேர்ந்தது. முத்தியால்பேட்டையில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். ஒரு வீட்டில் பேசினால் ஒன்பது வீட்டுக்குக் கேட்கும். ஆகையால் யாரையும் தனியாக அழைக்கவேண்டி வரவில்லை.

அவருடன் வேலை பார்க்கும் ஒயர்மேன் ஒருவர் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஹெலிகாப்டர் வடக்கே முத்தியால்பேட்டைப் பக்கம் திரும்பியதும் அவர் சொல்தாவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். கொடுத்த உடனே தெருவே பற்றிக்கொள்ளவேண்டும். நாங்கள் கிளம்பும்போது சொல்தாவும் பந்தல்காரரும் என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். "பொன் வுவயாழ், தங்கச்சி. கீழ பாக்காம நேரா பாரு, பயம் வராது" என்று சொல்தா பிரெஞ்சில் பயண வாழ்த்தும் சேர்த்து மாடியிலிருந்து குரல் கொடுத்தார். கீழே பார்க்கத்தானே போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

லாஸ்பேட்டையில் மணி ஏழு. விமானமே வராத விமான நிலையத்தில் திருவிழாக் கூட்டம். ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது கிளம்பிய காற்றில் என் புடவை, கொண்டை எல்லாம் கலைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. குனிந்து ஓடச் சொன்னார்கள், ஓடினேன். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், அவர் கணவர். பெல்ட் மாட்டி, கதவு சாத்தி, தரை கழன்றுகொண்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷத்தை அப்படித் தொலைத்தேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்.

பக்கத்து அம்மாள்தான் என் முழங்கையை இடித்து, "பாருங்கம்மா, பாருங்க" என்றார். பார்த்தேன்.

நான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் இந்த ஊரில்தான். இருந்தும் அதுவரை நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. இத்தனை வருஷமும் துணியின் உள்பக்கத்துத் தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், வெளிப்பக்கம் இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஊர் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே தெருக்கள் கோடு போட்டு வெட்டிய மாதிரி நேராகக் கடலுக்கு ஓடின. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு ஓரமும் மஞ்சள் விளக்கு. கடற்கரைச் சாலை ஒரே வளைவாக வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கறுப்பு. அந்தக் கறுப்பில் மீன்பிடிப் படகு விளக்குகள் ஏழெட்டு தனித்தனியாக நின்றன. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. ரயில் நிலையம், பஸ் நிலையம், பஜார், எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இவ்வளவு அழகான ஊரிலா நான் தினமும் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அப்போது இன்னொன்றும் தோன்றியது. இந்த விளக்குகள் தானாக எரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம், ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு ஆள் ஏறியிருக்கிறான். முத்தியால்பேட்டை முழுக்க எந்தத் தெரு எந்தக் கரெண்ட் பெட்டியிலிருந்து எரிகிறது என்பது என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆறிப்போன சோற்றைப் பார்த்துப் பார்த்து நான் திட்டித் தீர்த்த அத்தனை ராத்திரியும் இங்கே கீழே எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹெலிகாப்டர் வடக்கே திரும்பியது. "முத்தியால்பேட்டை, இடது பக்கம்" என்று முன்னாலிருந்து கத்திச் சொன்னார்கள். மணிக்கூண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அதிலிருந்து கிழக்கே எண்ணினால் எங்கள் தெரு. எண்ணினேன், தப்பிப்போனது, மறுபடி எண்ணினேன். வருஷக் கடைசி இல்லையா, எல்லாத் தெருவிலும் நட்சத்திரம், எல்லா மாடியிலும் சீரியல் செட். எதை வைத்து எது எங்கள் தெரு என்பது? அவர் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். போய் என்ன சொல்வது? பார்த்தேன் என்று பொய் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பார்க்கவில்லை என்று சொன்னால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் பயத்தில் என் தலைசுற்றலே போய்விட்டது, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தேடினேன்.

அப்போது ஒரு இடத்தில் குபீரென்று வெள்ளை வெளிச்சம் எழுந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். எழுந்த வேகத்தில் அணைந்தது. அதோடு சேர்ந்து அந்தத் தெருவே அணைந்தது. தெருவிளக்கு, நட்சத்திரம், வீட்டு விளக்கு, ஒன்று பாக்கியில்லை. சுற்றிலும் ஊர் ஜொலிக்க, நடுவே கரியால் கோடு இழுத்தாற்போல் எங்கள் தெரு மட்டும் கிடந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து அம்மாள் பயந்துபோய் என்ன என்று கேட்டார். "எங்க தெருல ப்யூஸ் போய்டுச்சி" என்றேன். எனக்கே தெரிந்தது, அதை அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கக்கூடாது. இறங்குகிற வரைக்கும் அந்தக் கறுப்புக் கோட்டிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

கீழே வந்தால் ஒயர்மேன் தம்பி போனைக் காதிலிருந்து எடுக்கமுடியாமல் நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, சீக்கிரம் ஏறுங்க. ஒரே சமயத்துல எல்லாத்தயும் போட்டுட்டாங்களாம். அந்தப் பக்கத்துக்கு இன்னிக்கி வேற ஆளும் இல்ல, நான்தான் போய் ப்யூஸ் கட்டணும்." வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டே ஓட்டினார். மின்சாரம் வந்ததும் எல்லா சுவிட்சையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் என் வீட்டுக்காரர். அவரே நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடித்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்லியிருக்கிறார்.

தெருமுனையில் திரும்பினோம். தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முனையில் கரெண்ட் பெட்டி ஒன்று உண்டு. எங்கள் தெருவின் ப்யூஸ் கட்டைகள் அதில்தான் இருக்கும். அதன் கதவு திறந்திருந்தது. அதன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர். ரப்பர் கையுறை, வேர்த்துக் கொட்டிய சட்டை, பக்கத்தில் வாக்கர். சொல்தா டார்ச்சைப் பிடித்தபடி பட்டாளத்து விறைப்பில் நின்றார். எங்கள் வீட்டிலிருந்து அந்த முனை ஏழு வீடு தள்ளி.

"நாங்க தூக்கறோம்னோம், தங்கச்சி. வாணாம்னுட்டாரு" என்றார் சொல்தா. "மாடிப்படில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்கினாரு. அப்புறம் வாக்கரைத் தள்ளினு இவ்ளோ தூரம் நடந்தே வந்தாரு. நாற்காலிய மட்டும்தான் நான் தூக்கியாந்தேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "லோடு கணக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். நீ மேல வர்றன்ன உடனே மறந்துட்டேன். ஒன்னும் பாத்திருக்க மாட்ட."

"பாத்தேன்."

"எங்க பாத்த? அதுக்குள்ளதான் எல்லாம் அணைஞ்சிபோச்சே."

"ஊரே எரியுது, இந்தத் தெரு மட்டும் எரியல. அது யாரு பண்ண வேலைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் சிரித்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கையிலிருந்ததைக் கவனித்தேன். என் நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்த பிளேயர்.

"இது இருந்த எடம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு மாசமா உன் மெஷின் ட்ராயரு முழுசா மூடறதில்ல. பிளேயரு பிடி முட்டினு நிக்குது. படுத்துனே பாத்துனுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"நீயா எடுத்துக் குடுப்பன்னு இருந்தேன்."

ஒயர்மேன் தம்பி பெட்டிக் கதவைச் சாத்தினார். என் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் கை பழக்கத்தில் அவர் தோளுக்குப் போனது. நான் அதை இழுத்துக்கொண்டேன். வாக்கருக்கு இரண்டு கையும் வேண்டுமே என்று பிளேயரை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். ஏழு வீட்டைக் கடக்க வெகுநேரம் ஆனது. மேலிருந்து ஊர் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு தெருவாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடற்கரைச் சாலையில் இரண்டு விளக்கு எரியவில்லை என்று நான் சொன்னபோது நின்று, எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ட்ராயரைத் திறந்து, காக்கிப் பையை வெளியே எடுத்து, பிளேயரை அதற்குள் போட்டு, வாசல் ஆணியில் மாட்டினேன். பிறகு ட்ராயரைத் தள்ளினேன். அது முழுசாக மூடிக்கொண்டது.