அரிக்கன் விளக்குக்கு ஒரு தகரக் குடை

பிள்ளைகளா, கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நான் விளக்குச் செய்ததை உங்கள் அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முந்தி எனக்குத் தென்காசி மரக்கடையில் தடி அளக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் காலி டின்களை வெட்டி ஏதாவது செய்துகொண்டிருப்பேன். சாரல் காலத்தில் அரிக்கன் விளக்கோடு வெளியே போனால், சூடான சிம்னிக் கண்ணாடியில் துளி பட்டதும் விரிசல் விட்டுவிடும். அதற்காக விளக்கின் தலையில் அகலமாக ஒரு தகரக் குடை வைத்தேன். இரண்டு வருஷச் சாரலைத் தாங்கியது. அந்தச் சமயத்தில் சென்னை விளக்குக் கம்பெனி ஒன்று, ‘வீட்டில் ஆசைக்குச் செய்து பார்க்கிறவர்கள் தங்கள் மாதிரிகளை அனுப்பலாம், சேர்ந்து திருத்தி விற்பனைக்குக் கொண்டுவருவோம்’ என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அனுப்பினேன்.

ஆனி மாதம் மானேஜரே வந்தார், கம்பெனி செய்த விளக்கோடு. குற்றாலத்துச் சாரலில் சோதிக்க வேண்டுமாம். வாடகைக்கு வீடு எடுத்தார். நான் மூன்று நாள் லீவு போட்டேன். முதல் நாள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் அருவியைச் சோதித்தார். பிறகு சாப்பாட்டை. இரண்டாம் நாள் ஐந்தருவி. விளக்கு அலமாரியிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு காகிதத்தை நீட்டினார். விளக்கைச் சாரலில் மூன்று நாள் சோதித்தோம், என் மாதிரிப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து விழுந்தால்தான் விளக்கு கடைக்கு வரும். நான் நினைத்த விளக்கு ஊர் ஊராய் எரிய வேண்டுமென்று எனக்கு எத்தனை ஆசை! ஆனால் அலமாரியிலிருந்து விளக்கை எடுத்துப் பார்த்தால், குடை சுருங்கி, நாடகத்து ராஜாவின் கிரீடம் மாதிரி நெளிநெளியாக இருந்தது.

“சார், குடை சின்னதாப் போச்சே?”

“அப்பதான் லட்சணமா இருக்கும். எங்க ஆர்ட்டிஸ்ட் ஒரு மாசம் உக்காந்து வரைஞ்சாரு.”

“ஒரு தடவ வெளிய வச்சுப் பாத்துருவமே.”

“ஐயய்யோ, சாரல்ல நின்னா சளி பிடிச்சுக்கும்.”

வீட்டுக் காவல்காரர் வாசலில் இருந்தபடி என்னிடம் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, மூணு நாளா அருவிக்கு அடியில கெடந்த மனுசனுக்கு இந்தத் தூறல்லயா சளி பிடிக்கப் போவுது?”

நானே விளக்கை ஏற்றி வாசல் முற்றத்தில் வைத்தேன். நூறு எண்ணுவதற்குள் சிம்னி படீரென்று உடைந்து சிதறியது.

மானேஜர் ஜன்னலுக்கு உள்ளிருந்தே சொன்னார்: “சிம்னி வேற கம்பெனியோடது. நமக்குப் பொறுப்பில்லே. நீங்க கையெழுத்தைப் போடுங்க.”

“வாங்குதவன் சாரல்லதான சார் கொண்டு போவான்?” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“உங்களை மாதிரி ஆளோட கூட்டுச் சேர்ந்தா தொழில் பண்ண முடியாதுங்க.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவரையும் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காவல்காரரும் போய்விட்டார். அருவிக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற வழி அந்த முற்றம். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.