நூத்துக்கு நூறு டீச்சரின் இடமாற்றம்

எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு 'நூத்துக்கு நூறு' என்றே பெயர். அவள் இங்கிலீஷ் நடத்தினால் ஒரு பிள்ளைகூட ஃபெயிலாகாது.

பிழைக்க வந்த நாட்டில் அவள் விசா எங்கள் பள்ளியின் பெயரில் இருந்தது. புருஷனும் மகளும் இருந்ததோ, அதே நாட்டில், ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய வேறு ஊரில். மகள் படித்த பள்ளியிலேயே இங்கிலீஷுக்கு ஆள் தேடினார்கள். அங்கே மாற எங்கள் பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வேலையை விட்டால் விசா ரத்து, நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான்.

"ரிசல்ட் நல்லா வரட்டும்மா, பாக்கலாம்" என்றார் அவர். பைத்தியக்காரி, அதை நம்பி உயிரைக் கொடுத்து நடத்தினாள். வகுப்பிலேயே தூங்கும் இன்னொரு இங்கிலீஷ் டீச்சரின் பிள்ளைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரிசல்ட் வந்ததும் பிரின்சிபாலுக்கு வாயெல்லாம் பல். "உங்களப் போய் எப்படிம்மா விடுறது?" என்றார். தூங்குகிறவளுக்கு மட்டும், விட்டது தொல்லை என்று அதே வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"அம்மா, நீ வரேன்னு சொன்ன வேலைக்கு உங்க ஸ்கூல் மிஸ் வந்துட்டாங்க. பாவம்மா, கிளாஸ்லயே தூங்கிடறாங்க."

"எழுப்பாதீங்க கண்ணு. சாயந்தரம் நான் போன்ல சொல்லித் தரேன்."

மணி அடித்தது, எழுந்து வகுப்புக்குப் போனாள். அன்றைக்காவது அவளும் மேசையில் தலை வைத்துப் படுக்கட்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடம் நடத்தும் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.